பலூன் கடைக்கு வந்த ஸ்பிரிங்

பலூன் சுடும் கடையில் அடி வாங்காமல் ஒரு சீசனை முடித்தவன் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு பலூனும் உடையவில்லை என்றால் கோபம் துப்பாக்கிமேல் வராது, நம்மேல்தான் வரும். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் மண்டையில் போடுவான். பிம்ப்ரியில் ஒரு பொருட்காட்சி மைதானத்தில் அப்படித்தான் என் இடது புருவம் பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு அன்றைக்கே திரும்பி வந்து பலூன் ஊதினேன். ஒவ்வொரு ஊதலுக்கும் தையலுக்குள் ரத்தம் குதித்தது. வேறு ஆள் இல்லை, ஊதித்தான் ஆகவேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் சாயப்பட்டறை, பிறகு லாரி கிளீனர் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தேன். லாரி டிரைவரோடு சண்டை வந்து, அவன் என்னை ஜாக்கிக் கம்பியால் அடித்துத் தாபோடியில் இறக்கிவிட்டுப் போனான். அப்படித்தான் புனேக்கு வந்தேன். முதுகைத் தடவிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு டெம்போவில் பலகையும் தகரமும் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், நசுங்கிய தன் கட்டைவிரலை உதறிக்கொண்டு தமிழில் வைதார். வெளியூரில் ஒருவன் தமிழில் கெட்ட வார்த்தை பேசினால் போதும், நான் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். அவர்தான் அண்ணன். மூன்று வருடம் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்தேன், அவர் கடையில் வேலை பார்த்தேன்.

அண்ணனுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அண்ணி தாபோடியிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா ராணுவப் பட்டறையில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அண்ணி பேசினால் தமிழில் தொடங்கி இந்தியில் வளைந்து மராத்தியில் போய் முடியும். கடையில் அண்ணன் ஆள் பிடிப்பார், நான் பலூன் ஊதிப் பலகையில் கட்டுவேன், அண்ணி துப்பாக்கிகளில் ரவை போடுவாள். நான்கு துப்பாக்கிகள். எல்லாம் காற்றுத் துப்பாக்கிதான், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது புரியாது. துப்பாக்கியின் குழலை முழங்காலை மடக்குவது மாதிரி கீழே மடக்க வேண்டும். மடக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். திறந்திருக்கும் வாயில் ஒரு ஈய ரவையை விரலால் வைத்துத் தள்ளிவிட்டுக் குழலைத் திரும்ப நிமிர்த்த வேண்டும். முறைப்படி என்றால், ரவை வைக்கும்போது இன்னொரு கையால் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். கொக்கி நழுவினால் குழல் தானே மேலே பாய்ந்து வாயை மூடிவிடும்.

பலூன் கடைக்காரர் யாரும் பிடிப்பதில்லை. எங்கள் ஸ்பிரிங்குகள் செத்துப்போனவை. ரவை பலூனை உடைத்துவிட்டுப் பின்னால் இருக்கும் தகரத்தில் பட்டு விழ வேண்டும், அவ்வளவு வேகம் போதும். கொக்கி நழுவினாலும் விரலில் ஒரு சுண்டு சுண்டும், அவ்வளவுதான். கூட்டம் நிற்கும்போது ஒரு கையால் மடக்கி, தொடையில் சாய்த்து, அதே மூச்சில் ரவை வைத்து நீட்ட வேண்டும். அண்ணி அதில் கெட்டிக்காரி. வெற்றிலை மடிக்கிற மாதிரி, பார்க்காமலே செய்வாள்.

அந்த வருடம் இரண்டு துப்பாக்கிகள் அடியோடு படுத்துவிட்டன. ரவை பலூன் வரைக்கும்கூடப் போகவில்லை. ஆட்கள் சிரித்தார்கள், அப்புறம் அடித்தார்கள். பழுது பார்க்கிற கிழவர் ஒருவர் இருந்தார், அவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். போனில் தேடு என்றார் அண்ணன். தேடினோம். முதலில் ஒருவன் படத்தில் பளபளப்பான ஸ்பிரிங்கைக் காட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, சைக்கிள் சீட்டின் துருப்பிடித்த ஸ்பிரிங்கை அனுப்பினான். கூப்பிட்டால் எடுக்கவில்லை. இன்னொருவன் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு படங்களை அனுப்பினான். நிஜத் துப்பாக்கியின் குழல், நிஜத் துப்பாக்கியின் உறுப்புகள். ‘ஏர்கன் சாமான் என்று எழுதி அனுப்புகிறேன், யாருக்கும் தெரியாது’ என்று இந்தியில் சொன்னான். அண்ணன் போனைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்து ஊர்த் திருவிழாவில் எங்களை மாதிரி ஒருவன் இப்படி எதையோ வரவழைத்து மாட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தோம். போலீஸ் ஸ்டேஷனில் அவன் உள்ளங்காலில் அடித்த அடியில் அவன் திருவிழாவுக்கு வருவதையே விட்டுவிட்டான்.

அப்புறம்தான் போனில் ஒரு குரூப் கிடைத்தது. காற்றுத் துப்பாக்கியை ஆசைக்காக வைத்திருக்கிறவர்களின் குரூப். பெரிய வேலையில் இருக்கிறவர்கள், பண்ணை வைத்திருக்கிறவர்கள். அதில் ஸ்பிரிங் விற்கிற ஒருவன் குரலில் செய்தி போட்டிருந்தான், கடைசியில் யாரிடமோ “சரிங்ணா” என்றான். அண்ணன் முகம் மலர்ந்துபோனது.

“ஏல, கேட்டியா? நம்மாளுல்லா இவன்! கோயம்புத்தூர்க்காரன்.”

“கோயம்புத்தூர்க்காரன் ஏமாத்த மாட்டானா?” என்றாள் அண்ணி. “போன தடவ ஏமாத்துனவன் எந்த ஊருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“அவன் இந்திக்காரன் டீ.”

“அச்சா. இந்தில ஏமாத்தினா வலிக்கும், தமிழ்ல ஏமாத்தினா வலிக்காது.”

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்துப் பக்கம் போய்விட்டார். அங்கேதான் நின்று பேசுவார், வீட்டில் குக்கர் சத்தம் என்பார். திரும்பி வந்து, அந்தப் பையன் தங்கமான பையன், அவன் அம்மாவுக்குச் சர்க்கரையாம், அவன் சித்தப்பா சங்கரன்கோவிலில் பெண் எடுத்தவராம் என்றெல்லாம் சொன்னார். ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் சொல்லியாச்சு” என்றார்.

பார்சல் வந்தது. உள்ளே இருந்தது நிஜமாகவே ஸ்பிரிங்தான், எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி. அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றாத குறை. இரண்டையும் மாட்டினோம். குழலை மடக்கும்போது கைக்கு இரும்பு ஏறியது மாதிரி இருந்தது. முதல் ரவை பலூனை உடைத்துத் தகரத்தையும் துளைத்துக்கொண்டு போனது. “இப்ப எவன்லே சிரிப்பான்?” என்றார் அண்ணன். புதுத் தகரம் வெட்டி இரட்டையாக அடித்தோம்.

பிம்ப்ரி மைதானத்தில் கடை போட்டோம். சாயங்காலம் கூட்டம் நெருக்கியது. கல்லூரிப் பையன்கள் ஒரு கும்பலாக வந்து, இரண்டு இரண்டு பேராகச் சுட்டு, யார் தோற்றானோ அவன் தலையில் தட்டிக் கூச்சலிட்டார்கள். அண்ணி எப்போதும்போல ஒரு கையால் மடக்கித் தொடையில் சாய்த்து ரவை வைத்தாள். நான் பலூன் கட்டிக்கொண்டிருந்தேன். இரும்புக் கதவு அறைந்து சாத்தின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணி கத்தவில்லை. “அரே” என்று மட்டும் சொன்னாள், ஏதோ கை தவறி விழுந்த மாதிரி. துப்பாக்கி அவள் கையில் தொங்கியது. அதன் வாய் மூடியிருந்தது. வலது ஆள்காட்டி விரலின் முதல் கணு அந்த வாயில் இருந்தது.

அண்ணன் குழலை மடக்கினார். விரல் நுனி கீழே விழுந்தது. நான் மண்டியிட்டுத் தேடினேன். பலகைக்கு அடியில் உடைந்த பலூன் துண்டுகள் கொட்டிக் கிடந்தன, சிவப்பு, ரோஸ், வெள்ளை. ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்துப் போட்டேன். அந்தப் பையன்களில் ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எழுந்து அவன் வாயில் குத்தினேன். அவன் நண்பர்கள் என்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். மிதிபட்டுக்கொண்டே கையைத் தரையில் துழாவினேன், கிடைத்துவிட்டது. ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையைக் காட்டினார். நசுங்கிப்போயிருந்தது, ஒட்டாது என்றார்.

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “அவன் விரல எடுக்கணும். அதே விரல எடுக்கணும்.” வீட்டுக்கு வந்த பிறகும் அதுதான். சோறு சாப்பிடும்போதும் அதுதான். ஸ்பிரிங் விற்றவன் வேண்டுமென்றே கொலைச் சரக்கைக் கொடுத்துவிட்டான், தமிழன் என்று சொல்லிக் கழுத்தை அறுத்துவிட்டான் என்றார். பிறகு அவனுக்குப் போன் செய்து, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே பேசினார். அவன் நம்பி வீட்டு விலாசத்தை அனுப்பினான். புனேயில்தான் இருந்தான், கோந்த்வாவில்.

தகரம் வெட்டுகிற நீளக் கத்திரியைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்தார். அண்ணி பார்த்துவிட்டாள். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே என்னிடம் வந்தாள்.

“நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ கூடப் போ.”

“போறேன் அண்ணி.”

“அவனை ரெண்டு அறை அறையட்டும், பர்வா நஹி. ஆனா வெட்டிட்டா ஜெயிலு. அப்ப நான் இந்தக் கைய வெச்சுக்கிட்டு யார்கிட்ட போய் நிப்பேன்? வெட்டிட்டு வந்தாருன்னா இந்த வாசல்ல ஏத்த மாட்டேன், சொல்லிடு.”

“நான் சொன்னா என்னையும் அடிப்பாரு.”

“அடிச்சா வாங்கிக்கோ. உனக்கு என்ன புதுசா?”

காலையில் ஊரைக் குறுக்கே தாண்டிப் போனோம். வழி முழுக்க நான் பேசிப் பார்த்தேன். அண்ணி சொன்னதையும் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் அது ஏறியதா என்று தெரியவில்லை. ஒரு சிக்னலில் மட்டும் திரும்பி, “பயந்தா எறங்கிக்கோ” என்றார். நான் இறங்கவில்லை.

கோந்த்வாவில் புதுக் கட்டடம், லிப்ட் இன்னும் ஓடவில்லை. படியேறிப் போய்க் கதவைத் தட்டினோம். அரைக்கால் சட்டையும் மேலே இஸ்திரி போட்ட சட்டையுமாக, கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் திறந்தான். முப்பது வயது இருக்கும்.

“வாங்ணா, வாங்ணா! செருப்ப உள்ளயே உடுங்க, வெளிய உட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். ஒரு நிமிஷம், மீட்டிங்ல இருக்கேன், மியூட்லதான் இருக்கு. டீ குடிக்கறீங்ளா?”

சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்பிரிங்குகள், வாஷர்கள், சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன.

“நீதான ஸ்பிரிங் விக்கிறது?” என்றார் அண்ணன்.

“ஆமாங்ணா, நாந்தா...”

அறை விழுந்தது. கண்ணாடி பறந்து சுவரில் பட்டது. அடுத்த குத்தில் அவன் மேஜைமேல் சாய்ந்தான், தட்டுகள் சரிந்து ஸ்பிரிங்குகள் தரை முழுக்க உருண்டன. அண்ணன் அவன் முடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டு அறை என்று அண்ணி கணக்கு வைத்திருந்தாள், அது தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து அண்ணனின் கையைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. துப்பினேன்.

அதற்குள் அவர் அவனுடைய வலது கையை மேஜையோடு அழுத்தி, கத்திரியின் வாயை ஆள்காட்டி விரலுக்கு வைத்துவிட்டார்.

“எம் பொண்டாட்டி வெரல எடுத்துட்டியேலே! தமிழன்னு நம்பினேன்லா!”

“ணா, நீங்க தோட்டம்னு சொன்னீங்களே!” அவன் அலறினான். “பன்னி வருது, பவரா வேணும்னு நீங்கதான ணா சொன்னீங்க! கொக்கி போட்டோ அனுப்புங்கன்னு கேட்டேன், புதுக் கொக்கி போட்டோ அனுப்புனீங்களே!”

அடிபட்டவன் உளறுகிறான் என்று நினைத்தேன். அவன் இடது கையால் போனை இழுத்து எதையோ தட்டினான். அண்ணனின் குரல் வந்தது, பாலத்து லாரிச் சத்தத்தோடு. ‘நமக்குப் புனேக்கு வெளிய தோட்டம் இருக்கு தம்பி. ராத்திரியானா பன்னி வந்து அழிச்சுருது. சும்மா வெளையாட்டுச் சாமான் வேண்டாம், நல்லா வேகமா குடு. துப்பாக்கி புதுசுதான்.’ அடுத்து அவனுடைய குரல். ‘கொக்கி பழசுன்னா இத மாட்டாதீங்ணா, நழுவிரும். குண்டு போடறப்ப குழல உடாமப் புடிச்சுக்கங்க, வெரல் போயிரும்.’ அடுத்து அண்ணன் சிரித்துக்கொண்டே, ‘எனக்கேவா தம்பி சொல்லிக் குடுக்க.’

அண்ணன் அசையாமல் நின்றார். லேப்டாப்பில் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன் பொய்யைத் தன் காதால் கேட்ட பிறகு கையை எடுத்துவிடுவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அண்ணன் முகம் கறுத்து வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் கத்திரியை அழுத்தினார். கேட்டதற்காகவே அழுத்தினார்.

நான் என் கை முஷ்டியைக் கத்திரியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே திணித்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. கைப்பிடிகள் என் கையை நசுக்கின, ஆனால் முழுக்கச் சேரவில்லை. முன்னால் கத்திரியின் வாய் அவன் விரலில் இறங்கி எலும்பில் நின்றது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. நான் இன்னொரு கையால் அண்ணன் காதைப் பிடித்துத் திருகி, தலையை இழுத்துச் சுவரில் மோதினேன். இரண்டாம் முறை மோதியபோது கத்திரி விழுந்தது. அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“யூ ஆர் ஆன் மியூட்” என்றது லேப்டாப். “ஆர் யூ தேர்?”

அவன் சட்டையைக் கழற்றி விரலைச் சுற்றிக்கொண்டு எழுந்தான். இடது கையால் ஒரு பொத்தானைத் தட்டி, “நெட்வொர்க் ப்ராப்ளம் சார்” என்றான், குரல் ஆடாமல். பிறகு லேப்டாப்பை மூடினான். மூடிய பிறகுதான் அழுதான்.

போலீஸுக்குச் சொல்லப்போகிறாயா என்று கேட்டேன்.

“சொன்னா இந்தச் சாமானெல்லாம் ஏது, பில் எங்கன்னு என்னத்தா மொதல்ல தூக்குவாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “எதுக்குணா தோட்டம்னு சொன்னீங்க?”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பலூன் கடைன்னு சொன்னா அந்தக் குரூப்ல எவன் மதிப்பான்? பொருட்காட்சிக்காரனுக்குக் குப்பையத்தான் அனுப்புவான்.”

“நான் அனுப்பியிருக்க மாட்டேன்ணா. கடைக்குன்னா மெலிசா, அதுக்குன்னே ஒண்ணு இருக்குது.”

“அப்படித்தான்லே எல்லாவனும் சொல்லுவான்.”

“ஆமாங்ணா” என்றான் அவன். “நீங்களும் புதுத் துப்பாக்கின்னுதான் சொன்னீங்க.”

அவனைக் கீழே இறக்கி ஒரு ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துக் கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். மிக்சியில் மாட்டிக்கொண்டது என்று அவன் சொன்னான். நர்ஸ் என் கையையும் வாயையும் பார்த்து, “உனக்குமா மிக்சி?” என்று மராத்தியில் கேட்டாள். எலும்பில் கீறல், நரம்பு தப்பியது, விரல் நிற்கும் என்றார்கள். அண்ணன் தெருவுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை.

மத்தியானம் தாபோடிக்குத் திரும்பினோம். அண்ணி வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், உடைந்த பல்லில் காற்றுப் பட்டு வலித்தது. அண்ணனே சொன்னார். எதையும் விடாமல் சொன்னார். தோட்டம், பன்னி, வேறு எவனுடைய துப்பாக்கியோ போட்டோவில் வந்தது, குழலைப் பிடித்துக்கொள் என்று அவன் எச்சரித்தது, அதை வீட்டில் வந்து சொல்லாதது. கடைசி விஷயத்தை அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அண்ணி எழுந்து இடது கையால் அவரை அறைந்தாள். மாடியிலிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்னொன்று அறைந்தாள். அவர் தலையைக் குனிந்து அடுத்ததற்கும் நின்றார்.

“எங்கய்யா உன் தோட்டம்? தாபோடில எந்தக் கல்லில, எந்தச் சந்துல இருக்கு? பன்னியாம்! நான் உக்கார்ற கடையைப் பலூன் கடைன்னு சொல்ல வெக்கமா உனக்கு? அந்தக் கடைலதான்யா பத்து வெரலோட சோறு போட்டேன் உனக்கு.”

அவளுக்கு மூச்சு வாங்கியது. கட்டுத் துணியில் ரத்தம் கசிந்திருந்தது, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் வெரலு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இருக்கு அண்ணி. தையல் போட்டிருக்கு.”

“ஒட்டிக்கிட்டு இருக்கா, இல்ல நீ எனக்காகச் சொல்றியா?”

“நான் கூட இருந்துதான் பாத்தேன். டாக்டர் அவனை மடக்கச் சொன்னாரு, மடக்கினான்.”

அவள் வாசலைவிட்டு நகர்ந்து நின்றாள்.

“உள்ள போங்க” என்றாள் அவரிடம். “சட்டையைக் கழட்டி வெளியவே போடுங்க.”

அவர் சட்டையைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் குழாயடியில் உட்கார்ந்து, கத்திரிக் கைப்பிடியில் நசுங்கிய கையை நீட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். இரண்டு மடங்கவில்லை.